மாட்டெறிதலும் குறிப்பெயரும்: நெடுநூல் உட்சுட்டு பற்றிய ஒரு திருவனந்தபுரக் கையேடு

நூல் தன்னைத் தானே சுட்டிச் செல்லும் முறையைத் தமிழ் இலக்கண மரபு உத்தியாகவே வகுத்துள்ளது. தொல்காப்பிய மரபியல் ‘மொழிவாம் என்றல்’, ‘கூறிற்று என்றல்’ எனப் பின்வருவதையும் முன்வந்ததையும் சுட்டும் இரண்டினையும் கூறும். நன்னூல் இவற்றை ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ எனக் கொண்டு, ‘மாட்டெறிந்து ஒழுகல்’ என்பதனையும் 32 உத்திகளுள் அடக்கும். பல கோப்புகளாகப் பகுத்து எழுதப்படும் இன்றைய தொழில்நுட்ப நூல்களின் சிக்கலும் இதுவே. இந்திய டெக் பயனர் குழு 2003இல் திருவனந்தபுரத்திலிருந்து வெளியிட்ட லேடெக் பயிற்சிக் கையேடு குறுக்குச் சுட்டுக்கெனத் தனி இயல் ஒதுக்கியிருப்பது நோக்கத்தக்கது. (பொன்முடி அமைந்த அம்மாவட்டம் அகத்தியமலைத் தொடரைச் சார்ந்தது. முதல் இலக்கணம் பொதிகையிற் பிறந்ததெனும் தொன்மத்தை நினைப்பார்க்கு இப்பொருத்தம் சுவை தரலாம்.)

கையேடு விளக்கும் முறை எளியது. ஆசிரியர் ஒரு பகுதிக்கு எண்ணைத் தாமே இடுவதில்லை. குறிப்பெயர் ஒன்றை மட்டும் இடுகிறார். மென்பொருள் முதல் ஓட்டத்தில் பெயரையும் அதற்குரிய எண்ணையும் துணைக்கோப்பில் பதிகிறது. மறு ஓட்டத்தில் அதனைப் படித்துச் சுட்டுமிடங்களை நிரப்புகிறது. பெயர் கிட்டாவிடில் அவ்விடத்தில் இரு வினாக்குறிகள் நிற்கும். ஒவ்வோர் இயலும் தனிக்கோப்பாயின் அதற்கெனத் துணைக்கோப்பும் தனியே அமைவதால், ஓரியலை மட்டும் அச்சிட்டுப் பார்க்கும்போதும் ஏனைய இயல்களின் எண்கள் அழிவதில்லை. வேறொரு நூலின் துணைக்கோப்பைப் படித்துச் சுட்டவும் வழியுண்டு.

இதனைப் புதுமை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. சொல்லதிகாரம் இளம்பூரணர் பகுப்பில் 456 நூற்பாக்களும், சேனாவரையர் பகுப்பில் 463 நூற்பாக்களும் உடையது. எண்ணை மட்டும் தந்து எந்த உரை என்பதைக் கூறாத ஆய்வேடு, படிப்பவரை வேறொரு நூற்பாவிற்கு இட்டுச் செல்லும். பழைய உரையாசிரியர்களோ நூற்பாவை அதன் முதற்குறிப்பால் சுட்டினர். எண் மாறினும் முதற்குறிப்பு மாறாது. லேடெக்கின் குறிப்பெயர் செய்யும் தொழிலை முதற்குறிப்பு ஏட்டுச்சுவடிக் காலத்திலேயே செய்தது. ‘மேலைச் சூத்திரம்’ என்னும் சுட்டு இத்தகையதன்று. வைப்புமுறை பிறழின் அதுவும் பிறழும். பதிப்புக்களில் எண்வழக்கு வேரூன்றியபின் முதற்குறிப்பைக் கைவிட்டது இழப்பே எனலாம்.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. பெயர் இருக்கிறதா, இருமுறை இடப்பட்டதா என்பதை மென்பொருள் அறியும். சுட்டிய இடத்தில் சொல்லப்புகுந்த பொருள் உளதா என்பதை அறியாது. ஒரு பகுதி முற்றிலும் திருத்தி எழுதப்பட்ட பின்னும் சுட்டு பிழையற்றதாகவே தோன்றும். வினாக்குறி தெரியும் பிழையினும் இது கொடிது. மாட்டெறிதலோ ஒரு சொற்கு ஓதிய விதி மற்றொன்றற்கும் ஏற்குமா என ஆராய்ந்தே நிகழ்வது. பொருட்பொருத்தம் அதன் அடிப்படை.

உரைவேறுபாட்டுப் பதிப்பொன்றைக் கணினியில் அமைக்க முற்படுவோர்க்கு, உரைப்பெயரை முன்னொட்டாகக் கொண்ட முதற்குறிப்பே தக்க குறிப்பெயராகும். ஓருரையில் ஒன்றாய் நிற்கும் நூற்பா மற்றோருரையில் இரண்டாய்ப் பிரியுமிடத்துப் பிற்பாதிக்குத் தனிக் குறிப்பெயர் வேண்டும். அதனை முற்பாதியோடு இணைக்கும் சுட்டினைப் பதிப்பாசிரியரே இடுதல் வேண்டும்.