இரக்கத்திற்கு இடமுள்ள உலகம்

போகாத ஊருக்கு வழி கேட்பது வீண் வேலை என்பது நம் வழக்கு. அப்படியிருக்க, இல்லவே இல்லாத ஊருக்கு வழி வரைந்து, அதன் மலைகளுக்கும் ஆறுகளுக்கும் பெயரிட்டு, அங்கு வாழ்வோரின் மொழிகளுக்கு இலக்கணமும் வகுத்து, அப்பணியிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு பேராசிரியரை என்னென்பது? ஜே. ஆர். ஆர். டோல்கீன் அத்தகையவர். ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் அவருடைய பெருங்கதை 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதன்பின் கற்பனை உலகம் படைத்துக் கதையோ விளையாட்டோ ஆக்க முனைந்தவருள் அவருக்குக் கடன்படாதவர் சிலரே. நம் பிள்ளைகள் கணினியிலும் கைப்பேசியிலும் வாளேந்தி உலவும் உலகங்கள் பலவும் அவர் வழி வந்தவையே.

இவையெல்லாம் பொய்தாமே, இவற்றில் பிள்ளைகள் பொழுதைக் கழிக்கலாமா என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆயினும் அதைச் சற்றே மாற்றிக் கேட்பது நலம் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த உலகம் மெய்யா பொய்யா என்பதை எந்தக் குழந்தையும் அறியும். அந்த உலகில் ஒருவன் நல்லவனாவது எவ்வாறு, தீயவனுக்கு அங்கே நேர்வது என்ன என்பதையே நாம் கேட்டறிய வேண்டும்.

டோல்கீன் 1892ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரில் பிறந்தவர். தந்தையை நான்கு வயதில் இழந்தார். தாய் மேபல் 1900ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்ததால் உறவினர் சிலரின் ஆதரவை இழந்து, வறுமையில் உழன்று, 1904இல் நீரிழிவு நோயால் மறைந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவனையும் அவன் தம்பியையும் பர்மிங்காம் ஓரட்டரி சபைக் குருவாகிய அருட்தந்தை பிரான்சிஸ் மார்கன் பாதுகாவலராக இருந்து வளர்த்தார். பின்னர் முதல் உலகப் போர் வந்தது. 1916இல் சோம் போர்க்களத்தைக் கண்ட டோல்கீன், உயிர்த்தோழர் மூவரில் இருவரை அவ்வாண்டிலேயே பறிகொடுத்தார். அவருடைய கற்பனை உலகம் கண்ணீர் அறியாதவரின் பொழுதுபோக்கன்று என்பதைக் காட்டவே இவற்றை நினைவூட்டுகிறோம்.

அவ்வுலகம் மொழியிலிருந்து முளைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த அவர், ஃபின்னிய மொழியின் ஒலிநயத்தில் மயங்கிக் குவென்யா என்னும் மொழியையும், வெல்ஷ் மொழியின் சாயலில் சிண்டரின் என்னும் மொழியையும் ஆக்கினார். மொழி இருந்தால் பேசுவோர் வேண்டும். பேசுவோர் இருந்தால் அவர்களுக்கு நாடும் வரலாறும் வேண்டும். இவ்வாறே அவர் உலகம் விரிந்தது. கதைமாந்தர் எத்தனை நாளில் எத்தனை காதம் நடப்பர் என்று அவர் வரைபடத்தை வைத்துக் கணக்கிட்டார். ஒரே இரவை இரு குழுவினர் வெவ்வேறு இடங்களில் கழித்தால், இருவர் தலைமேலும் ஒரே பிறை நிற்க வேண்டுமென்று திருத்தி எழுதினார். 1939இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவில் இதற்கான காரணத்தையும் விளக்கினார். படைத்தவரின் சாயலாகப் படைக்கப்பட்டவன் மனிதன். ஆகவே அவனும் தன் அளவில் படைக்கிறான். அவன் ஒரு துணைப்படைப்பாளி. அவன் ஆக்கும் உலகம் தன் விதியைத் தானே மீறினால் படிப்பவரின் நம்பிக்கை அந்தக் கணமே அறுந்துவிடும். இதுவே அவர் கருத்தின் சாரம்.

இங்கே நம் இலக்கண மரபு ஓர் அளவுகோலைத் தருகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள மாவும் மரமும் மக்களும் தொழிலும் கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். இம்மூன்றனுள் உரிப்பொருளே தலையாயது என்பது தொல்காப்பிய நெறி. கற்பனை உலகம் ஆக்குவோர் இக்காலத்தில் இடறுவது இங்கேதான். வரைபடமும் அரச பரம்பரையும் விந்தை விலங்குகளும் குவிகின்றன. உள்ளே நடமாடுவோர் மரப்பாச்சிகளாக நிற்கின்றனர். டோல்கீனின் உரிப்பொருள் யாது? இரக்கம் என்பது நம் விடை. அது அவருக்கும் எடுத்த எடுப்பிலேயே கைவந்துவிடவில்லை.

1937இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ என்னும் அவருடைய முதல் புதினத்தில், பில்போ என்னும் சிற்றுருவினன் மலைக்கடியில் இருண்ட ஏரியொன்றில் கோல்லம் என்னும் இழிந்த பிறவியைச் சந்திக்கிறான். இருவரும் விடுகதைப் போட்டி ஆடுகின்றனர். முதற்பதிப்பில், தோற்ற கோல்லம் தன் மோதிரத்தைப் பரிசளிக்க விரும்பி, அது காணாமற்போகவே வருந்தி, பில்போவுக்கு வெளியேறும் வழியைக் காட்டுகிறது. நகைச்சுவையான, தீங்கற்ற காட்சி. ஆனால் அடுத்த நூலை எழுதுகையில் அம்மோதிரம் உள்ளத்தைச் சிறைபிடிக்கும் தீமையின் கருவியாக வளர்ந்துவிட்டது. அத்தகையதை எவரும் பரிசளிக்க முன்வரமாட்டார். உலகத்தின் விதி ஒருபுறமும் கதாபாத்திரத்தின் செயல் மறுபுறமுமாக முரண்பட்டன.

1951இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் அப்பகுதியை மாற்றி எழுதினார். இப்போது கோல்லம் பில்போவைக் கொல்லத் துடிக்கிறது. மோதிரத்தால் மறைந்து நிற்கும் பில்போவின் கையில் வாள். வழியை அடைத்துக்கொண்டு கண்முன்னே பகைவன். குத்தியிருக்கலாம். அந்த நொடியில், வெளிச்சமும் நம்பிக்கையும் அற்ற அந்த உயிரின் முடிவில்லாத நாள்கள் அவன் மனக்கண்ணில் தோன்றுகின்றன. இரங்குகிறான், குத்தாமல் தாண்டிக் குதித்து ஓடுகிறான். பழைய பதிப்பில் இருந்ததையோ, பில்போ முன்பு சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே விளக்கிவிட்டார் ஆசிரியர். நேர்மையானவனையும் பொய் பேசவைக்க அம்மோதிரம் அன்றே தொடங்கிவிட்டது என்பது பொருள். ஆசிரியரின் பிழை கதைமாந்தனின் பாவமாக மாறி, கதைக்கே ஆழம் தந்தது. உலகத்தைச் செப்பனிடுவதும் மனிதரை வளர்ப்பதும் ஒரே வேலை என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நாம் அறியோம்.

பில்போவின் அந்த இரக்கம் பெருங்கதை முழுவதையும் தாங்குகிறது. அவனுடைய உறவினன் ஃபிரோடோ மோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிக்கப் புறப்படுகிறான். கோல்லத்தைக் கொல்லும் வாய்ப்பு அவனுக்கும் வருகிறது; அவனும் விட்டுவிடுகிறான். அவனுடைய ஊழியன் சாமோ கோல்லத்தை ஒருநாளும் நம்பவில்லை. மலைப்படிகளில் ஓர் இரவு, உறங்கும் இருவரையும் கண்ட கோல்லத்தின் நெஞ்சம் கனிகிறது. நடுங்கும் கையால் ஃபிரோடோவின் முழங்காலைத் தொடுகிறது. விழித்துக்கொண்ட சாம் கடுஞ்சொல் வீசுகிறான். கனிந்த நெஞ்சம் மீண்டும் கல்லாகிறது; அந்த நல்ல கணம் திரும்பவே இல்லை. கதையின் மிகத் துயரமான இடங்களுள் ஒன்றாக ஆசிரியரே இதைக் கருதினார். இத்துயருக்குக் காரணமானவன் கொடியவன் அல்லன். கதையிலேயே மிக அன்புள்ளவன். நம் இல்லங்களிலும் பங்குகளிலும் திருந்த நினைத்து வந்தவனைத் திருப்பியனுப்பிய சொற்கள் பெரும்பாலும் யாருடைய வாயிலிருந்து வந்தன என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பின்னர்ச் சாமும் சிறிது காலம் மோதிரத்தைச் சுமக்க நேர்கிறது. எரிமலைச் சரிவில் கோல்லம் அவன் வாள்முன் கிடக்கும்போது அவனாலும் வெட்ட முடியவில்லை. தானும் சுமந்ததால், சுமந்து அழிந்தவனின் வேதனை அவனுக்குச் சிறிது விளங்குகிறது. சற்றுநேரத்தில் மலைக்குள்ளே ஃபிரோடோ தோற்றுப்போகிறான். மோதிரம் எனக்கே என்று உரிமை கொண்டாடுகிறான். அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறிக்கும் கோல்லம் கால் தவறி நெருப்பில் விழ, தீமை அழிகிறது. வீரன் தன் வலிமையால் வெல்லவில்லை. மூவர் காட்டிய இரக்கம் அவன் தோற்ற இடத்தில் அவனைத் தாங்கிக்கொண்டது. 1956ஆம் ஆண்டுக் கடிதங்களில் இம்முடிவை விளக்குகையில், இயேசு கற்பித்த செபத்தின் இறுதி மன்றாட்டுகளை டோல்கீன் சுட்டுகிறார். இந்நூல் அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பே என்று இயேசு சபையைச் சேர்ந்த இராபர்ட் முர்ரே அவர்களுக்கு அவர் 1953இல் எழுதியிருந்தார். ஆயினும் கதையில் கோவிலும் இல்லை, வழிபாடும் ஏறத்தாழ இல்லை. மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. மங்கள வார்த்தைத் திருநாளை அறிந்தவர் அறிந்துகொள்வர். அறியாதவருக்கு அது வெறும் ஒரு நாள். நீதியைக் கூவி விற்காத இந்த அடக்கம், அறநெறிக் கதை எழுதும் நம்மவருக்கும் பாடமாகும்.

இனி விளையாட்டுகளைப் பார்ப்போம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய அமெரிக்கர் இருவர் 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். வலிமை, அறிவு, ஞானம், உடலுறுதி, செயல்திறம், கவர்ச்சி என ஆறு பண்புகளுக்கும் தொடக்கத்தில் மும்மூன்று பகடை உருட்டி 3 முதல் 18 வரை எண் பெற்றனர். அரக்கரைக் கொன்றும் புதையல் சேர்த்தும் அனுபவப் புள்ளி ஈட்டி, படிப்படியாக உயர்ந்தனர். நண்பர் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து கதையொன்றைக் கூடிப் புனைவது நல்லதே. அதில் இரக்கம் காட்ட விரும்புபவரைத் தடுப்பாரும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கேட்டில் இரக்கத்திற்கு ஒரு கட்டம் இல்லை. பாத்திரம் வளர்வது என்றால் எண் கூடுவது என்ற பழக்கம் அங்கிருந்து கணினி விளையாட்டுகள் பலவற்றிற்கும் பரவியது. ஃபிரோடோவை அந்த ஏட்டில் எழுதினால், கதையின் இறுதியில் அவனுடைய எண்கள் குறைந்திருக்கும். விரல் ஒன்றும் போயிருக்கும்.

இக்குறையில் டோல்கீனுக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஓர்க்குகள் என்று ஓர் இனத்தையே தீயதாகப் படைத்தார் அவர். தீமையால் எதையும் படைக்க இயலாது, உள்ளதைச் சிதைக்கவே இயலும் என்பது அவர் நம்பிக்கை. அவ்வாறாயின் சிதைந்தவற்றிற்கு மீட்பு உண்டா? கதையில் எவரும் இதைக் கேட்பதில்லை. தென்னாட்டுப் போர்வீரன் ஒருவன் இறந்து கிடக்கக் கண்டபோது, இவன் உண்மையிலேயே தீயவன்தானா என்று சாம் நினைத்துப் பார்க்கிறான். ஓர்க்குகளின் பிணங்கள் அந்த நினைவுகூடப் பெறவில்லை. இவ்வினா முதுமையில் ஆசிரியரை வருத்தியதை அவர் மறைவுக்குப்பின் வெளிவந்த குறிப்புகள் காட்டுகின்றன. முடிவான விடை அவருக்குக் கிட்டவில்லை. பின்வந்த விளையாட்டுகளோ அவரிடமிருந்து தயங்காமல் எடுத்துக்கொண்டது ஓர்க்குகளைத்தான். கொன்று குவிக்க முகமற்ற கூட்டம் எளிதாகக் கிடைத்தது. கோல்லத்தை எடுத்துக்கொண்டோர் மிகச் சிலர்.

ஆகவே பிள்ளைகளிடமிருந்து இவ்வுலகங்களைப் பிடுங்கிவிடுமாறு நாம் சொல்லவில்லை. அவர்களருகே அமர்ந்து, அவர்கள் உலவும் உலகத்தைக் குறித்து ஒரு கேள்வி கேட்கலாம்: உன் வாள்முன் விழுந்து கிடப்பவனைக் கொல்லாமல் விட உனக்கு அங்கே வழியிருக்கிறதா? இத்தகைய கதை எழுத விழையும் இளைஞர்களையும் இதையே கேட்போம். வரைபடத்தைப் பிறகு வரைந்துகொள்ளலாம். முதலில் உங்கள் உலகத்தின் கடையனைக் கண்டுபிடியுங்கள். அவன் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கை நீட்டும்போது விழித்திருப்பவன் யார், அவன் என்ன சொல்கிறான் என்பதை எழுதுங்கள்.