சாபமன்று, மறைத்த கணக்கு!

கடலடியில் எண்ணெய் ஊறுகிறது. கரையில் மக்கள் கஞ்சிக்கும் வழியின்றிக் கலங்குகின்றனர். ஏன் இந்நிலை? பொருளியல் அறிஞர் பலர் இரண்டே சொற்களில் விடை தருகின்றனர்: வளத்தின் சாபம்! 1993-இல் ரிச்சர்ட் ஆட்டி என்னும் அறிஞர் தமது நூலின் தலைப்பிலேயே இச்சொல்லைப் பொறித்தார். இன்று அது பாடப் புத்தகங்களிலெல்லாம் பவனி வருகிறது.

சாபமாம்! இட்டவர் யார்? எந்த முனிவர்? எந்த யுகத்தில்? அறிஞர் இதனை உவமையாகவே சொன்னார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஏட்டில் உவமையாக இருப்பது நாட்டில் விதியாக நடமாடத் தொடங்கிவிடுகிறது. சாபமென்றால் குற்றவாளி இல்லை. குற்றவாளி இல்லையேல் கேள்வியில்லை, வழக்கில்லை, தண்டனையில்லை. கொள்ளையடித்தவனுக்கு இதைவிட நல்ல வழக்கறிஞர் கிடைப்பாரா?

அங்கோலாவைப் பாருங்கள். 1975-இல் விடுதலை பெற்ற அந்நாடு, 2002 வரை உள்நாட்டுப் போரில் உழன்றது. 1997 முதல் 2002 வரை அரசுக் கணக்கில் வந்த வழியும் போன வழியும் தெரியாத தொகை ஏறத்தாழ 422 கோடி டாலர் என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் 2004-இல் எடுத்துக் காட்டியது. அதே ஆண்டுகளில், அயலார் உதவியையும் சேர்த்து, மக்கள் நலனுக்குச் செலவானது 427 கோடி டாலர். பசித்தோர்க்குக் கிடைத்த அளவு பணம் பதுங்கியும் போயிற்று! இது சாபமா? சாபத்துக்குக் கூட்டல் கழித்தல் தெரியுமா?

2001-இல் பி.பி. கம்பெனி, அங்கோலாவில் தான் செலுத்தும் தொகைகளை வெளியிடுவதாக அறிவித்தது. ஒப்பந்தக் கையெழுத்துக்காக மட்டும் அது தந்தது 11 கோடியே 10 இலட்சம் டாலர் என்பது வெளிவந்தது. அரசின் எண்ணெய்க் கம்பெனியான சோனங்கோல் என்ன செய்தது? ஒப்பந்தத்தையே முறிப்போம் என்று மிரட்டிக் கடிதம் விடுத்தது! தெய்வக் குற்றத்துக்கு அஞ்சாதவர்கள், கணக்குக்கு அஞ்சினர்.

ஒருவர் மட்டும் பேசினால் மிரட்டலாம், எல்லோரும் பேசினால்? இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் 2002-இல் எழுந்த ‘செலுத்துவதை வெளியிடு’ இயக்கம். 2003-இல் இலண்டனில் 12 கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. கொடுத்ததைக் கம்பெனி கூறவேண்டும். பெற்றதை அரசு கூறவேண்டும். இரண்டையும் ஒத்துப் பார்க்கவேண்டும். 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம், ஓர் இலட்சம் யூரோவும் அதற்கு மேலும் செலுத்தும் எண்ணெய், சுரங்கக் கம்பெனிகள் அதை வெளியிடவேண்டுமெனச் சட்டமே செய்தது. அமெரிக்காவோ 2010-இல் சட்டம் கண்டு, அதற்கென வகுத்த விதியை 2017-இல் தானே துடைத்தெறிந்தது.

இம்முயற்சியை நாம் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டோடு நின்றுவிட்டால் திறனாய்வாகாது. 2009-இல் இக்கோட்பாடுகளை முதன்முதல் நிறைவேற்றிய நாடென நற்சான்று பெற்றது அசர்பைஜான். எண்கள் வெளிவந்தன, எண்களைக் கேள்வி கேட்கும் சங்கங்களின் குரல்வளையோ நெரிக்கப்பட்டது. அது கண்டிக்கப்பட்டு, 2017-இல் இடைநிறுத்தம் செய்யப்பட்டதும், அந்நாடு அமைப்பைவிட்டே வெளியேறிற்று. விளக்கை ஏற்றிவிட்டுக் காண்போர் கண்ணைக் கட்டினால் வெளிச்சத்தால் பயனென்ன? மேலும், வந்த தொகையைச் சொன்னால் போதுமா? சென்ற வழியையும் சொல்லவேண்டாமா?

நார்வேயிலும் எண்ணெய் உண்டு. 1969-இல் பெருவளம் கண்டனர். 1990-இல் அவ்வருவாயைப் பொதுநிதியாகச் சேர்க்கச் சட்டம் செய்தனர். அந்நிதியின் கணக்கை எவரும் படிக்கலாம், படித்தவர் கேட்கலாம், கேட்டவர் சிறை செல்வதில்லை. அங்கே ஏன் சாபம் பலிக்கவில்லை?

வெளியிடப்படும் கணக்கு, கேட்கும் உரிமை, விடையளிக்கும் கடமை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் மண்ணின் செல்வம் மக்கள் செல்வமாகும். ஆகவே இளைஞர்களே, இனி எவரேனும் ‘வளத்தின் சாபம்’ என்று பெருமூச்செறிந்தால், பரிகாரம் தேடாதீர், பேரேட்டைக் கேளுங்கள்!