வாக்குத்தத்த அட்டையும் சீடனின் சந்தேகமும்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையின்போது தமிழ்நாட்டின் பல திருச்சபைகளில் ஒரு தட்டு சுற்றி வரும். வசனம் அச்சிட்ட சிறு அட்டைகள் அதில் குவிந்திருக்கும். ஜெபித்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். எடுத்தவருக்கு அதுதான் அந்த ஆண்டின் வாக்குத்தத்தம். வீட்டுக்குப் போனதும் அது பைபிளுக்குள்ளோ ஃபிரிட்ஜ் கதவிலோ இடம்பிடிக்கும். சபை முழுவதற்கும் ஒரு வசனத்தைப் போதகர் அறிவிப்பதும், மாதத்தின் முதல் நாளில் வாக்குத்தத்த ஆராதனை வைப்பதும் இதே வழக்கத்தின் கிளைகள். வேதத்தை வைத்துக் குறி பார்க்கிறார்கள் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். தேவன் தங்களோடு பேசினார் என்று பலர் கண்கலங்குகிறார்கள். இந்த வழக்கத்தை எடைபோட, அது விசுவாசிக்கு எப்படிப்பட்ட நம்பிக்கையைப் பழக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

வேதவசனத்தை இப்படித் தற்செயலாகப் பெறுவது புதிதல்ல. 386-இல் மிலான் நகரத் தோட்டமொன்றில், பிற்காலத்தில் ஆயரான அகுஸ்தீன் பவுலின் நிருபத்தை விரித்து, கண்ணில் பட்ட பகுதியை வாசித்து மனம் திரும்பினார். அவரே பிற்பாடு, உலகக் காரியங்களுக்கு வழி கேட்டுச் சுவிசேஷத்தைத் திறப்பது தமக்கு உவப்பில்லை என்று கடிதத்தில் எழுதினார். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் சின்சென்டார்ஃப் பிரபு, மொராவியச் சபையாருக்கு நாளுக்கொரு வசனம் கொடுக்கும் முறையை 1728-இல் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாக வருகிறது. அதில் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். அதற்கு இசைவான புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆராய்ந்து சேர்க்கிறார்கள். ஒரே நாளில் எல்லோரும் வாசிப்பது ஒரே வசனம், மறுநாள் வேறொன்று. நம் அட்டையோ தனியாளுக்கு உரியது, ஆண்டு முழுவதும் அவருக்கே சொந்தம். இந்த வேறுபாடு சிறியதல்ல.

முதலில் வழக்கத்தின் பலத்தைப் பார்ப்போம். தமக்குப் பிடித்த வசனத்தைத் தாமே தேடி எடுக்கிறவர் பெரும்பாலும் தம் மனதின் எதிரொலியையே கேட்கிறார். அட்டை வெளியிலிருந்து வருகிறது. கேட்டு வாங்க முடியாது. விசுவாசம் என்பதே பெற்றுக்கொள்வது என்ற கிறிஸ்தவப் போதனைக்கு இந்தச் சிறு செயல் பொருந்துகிறது. அதிகாரியும் கூலித் தொழிலாளியும் ஒரே தட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். வேதத்தை அதிகம் புரட்டாத வீட்டிலும் ஒரு வசனம் ஆண்டு முழுக்கக் கண்முன் நிற்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவில், வேலை போன மாதத்தில், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தியவர்கள் ஏராளம். அவர்கள் ஆறுதலை மேட்டிமையோடு ஏளனம் செய்ய யாருக்கும் உரிமையில்லை.

குறை தட்டில் தொடங்குகிறது. அதில் எவை இருக்கின்றன என்பதைவிட எவை இல்லை என்று பாருங்கள். இருளிலேயே முடிந்துபோகும் 88-ஆம் சங்கீதம் அங்கே இருக்காது. தான் பிறந்த நாளைச் சபித்த யோபு இருக்கமாட்டார். கர்த்தரிடமே வழக்காடிய எரேமியாவின் புலம்பல் இருக்காது. வேதத்துக்குள் ஏராளமாக இருக்கும் முறையீட்டையும் கேள்வியையும் வடிகட்டிவிட்டு, ஆசீர்வாதத்தை மட்டும் அச்சுக்கு அனுப்புகிறோம். அட்டை எடுப்பது சீட்டு முறைதான். ஆனால் எது வந்தாலும் நல்லதே வரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்த சீட்டு அது.

அடுத்த குறை, வசனத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்குவது. அட்டைகளில் மிக விரும்பப்படும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். சமாதானத்துக்கேற்ற நினைவுகளையும் நல்ல முடிவையும் பற்றிய வசனம் அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் அது வருகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணமுடியுங்கள், திரும்பிவர எழுபது ஆண்டுகள் ஆகும் என்பதே கடிதத்தின் சாரம். அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். இதற்கு முந்தைய அதிகாரத்தில், இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகும் என்று அறிவித்தவன் அனனியா. அவனைத்தான் எரேமியா பொய்த் தீர்க்கதரிசி என்றார். ஆக, எரேமியாவின் வசனத்தை அட்டையில் அச்சிட்டு, இந்த ஆண்டே பலிக்கும் என்று சொல்லும்போது நாம் பேசுவது அனனியாவின் குரலில்.

91-ஆம் சங்கீதமும் அட்டைகளில் அடிக்கடி வரும். அதிலிருந்து ஒரு வாக்குத்தத்தத்தை எடுத்து, தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி இயேசுவை ஏவியவன் சாத்தான். வசனம் பொய்யல்ல. ஆனாலும் அதைக் காட்டித் தேவனைப் பரீட்சை பார்க்க இயேசு மறுத்துவிட்டார்.

இவற்றைவிடப் பெரிய சேதம் ஆண்டின் இறுதியில் நிகழ்கிறது. சுகம் தரும் வசனத்தை எடுத்த குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் அட்டையை யாரும் கேள்வி கேட்பதில்லை. குற்றம் எடுத்தவர்மேல் விழுகிறது: விசுவாசம் போதவில்லை, எங்கோ மறைவான பாவம் இருக்கிறது. இழப்பின் மேல் பழியும் சேர்கிறது. போன ஆண்டு அட்டையைப் பற்றிப் பேச்சே எழாமல் புது அட்டை கைக்கு வருகிறது. சந்தேகப்பட்டவர் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு அல்லேலூயா சொல்கிறார். இது விசுவாசம் அல்ல, அச்சம்.

சுவிசேஷங்களில் சந்தேகம் இப்படி நடத்தப்படவில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்ற தோமாவை மற்றச் சீடர்கள் தள்ளிவைக்கவில்லை. எட்டு நாள் கழித்தும் அவர் அவர்களோடுதான் இருந்தார். மயிலாப்பூர் மண்ணில் இரத்தம் சிந்தியதாக மரபு சொல்வது இதே தோமாவைத்தான். பிசாசு பிடித்த மகனுக்காக வந்த தகப்பன், தன் நம்பிக்கையையும் அவநம்பிக்கையையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டான். இயேசு அவன் மகனைக் குணமாக்கினார். எபிரெயர் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களை வரிசைப்படுத்திவிட்டு, வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அவர்கள் அடையவில்லை என்று முடிக்கிறது.

அன்றன்றைய வசனத்தை நேர்மையாக வாசிப்பது எப்படி என்பதற்கு ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் உதாரணம். 1939 ஜூனில் அவர் பாதுகாப்பாக நியூயார்க்கில் இருந்தார். தங்குவதா, நாஜிகள் ஆளும் ஜெர்மனிக்குத் திரும்புவதா என்ற குழப்பம். அந்நாட்களில் மொராவியரின் அன்றாட வசன நூலை வாசித்துவந்தார். மாரிகாலத்துக்கு முன் வந்துசேரும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வரி அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆனால் வசனத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அவர் ஒதுங்கவில்லை. தம் முடிவின் உள்நோக்கம் தமக்கே தெளிவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். அந்தத் தெளிவின்மையோடே ஜூலையில் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வசனம் அவருக்குப் பாதுகாப்பை உறுதியளிக்கவில்லை. போகவேண்டிய இடத்தைக் காட்டியது.

ஆகவே என் தீர்ப்பு இது: அட்டையை ஒழிக்க வேண்டியதில்லை, தட்டை நிரப்பும் முறையை மாற்ற வேண்டும். ஆறுதல் வசனங்களோடு கட்டளைகளும் முறையீடுகளும் கலக்கட்டும். ஒவ்வொரு அட்டையிலும், அந்த அதிகாரம் முழுவதையும் வாசிக்கும்படி ஒரு குறிப்பு இருக்கட்டும். புது அட்டை கொடுக்குமுன், பழைய அட்டையோடு போராடியவர்களும் சாட்சி சொல்ல நேரம் ஒதுக்கப்படட்டும். கிடைத்ததைச் சொல்ல வருபவருக்கு உள்ள மேடை, கிடைக்காததைச் சொல்ல வருபவருக்கும் வேண்டும். இதைச் செய்யப் பணம் தேவையில்லை, போதகர்களுக்குத் துணிவு இருந்தால் போதும்.