பராசக்தி (1952): நீதிமன்றக் காட்சியின் ஈர்ப்பு

பராசக்தி, 1952 அக்டோபர் 17 அன்று தீபாவளி வெளியீடாக வந்த தமிழ்த் திரைப்படம். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவியது. கிருஷ்ணன் – பஞ்சு இயக்கிய இப்படத்துக்கு மு. கருணாநிதி திரைக்கதை, வசனம் எழுதினார். சிவாஜி கணேசனின் முதல் படம் இது. இதன் நீதிமன்றக் காட்சி எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பேசப்படுகிறது. அதற்கு வசன அழகு மட்டும் காரணம் அன்று. அந்த வழக்கு அமைக்கப்பட்ட விதமே முதன்மைக் காரணம்.

வழக்கின் பின்னணி

இரண்டாம் உலகப் போர்க்காலம். ரங்கூனில் வாழும் மூன்று அண்ணன்மாருள், மதுரையில் நடக்கும் தங்கை கல்யாணியின் திருமணத்துக்குக் கப்பலேற முடிந்தவன் குணசேகரன் மட்டுமே. அவனும் சென்னையில் இறங்கிப் பணத்தைப் பறிகொடுக்கிறான். துறைமுகத்தை ஒட்டி வாழும் வடசென்னை மக்களுக்கு இது அந்நியமான கதை அன்று. பர்மாவிலிருந்து 1960களில் திரும்பிய தமிழர் பலர் வியாசர்பாடி போன்ற பகுதிகளில் குடியேறினர். பர்மா பஜார் என்ற பெயரே அதற்குச் சாட்சி.

கணவனையும் தந்தையையும் இழந்த கல்யாணி, இட்லிக் கடை வைத்துப் பிழைக்கப் பார்க்கிறாள். போகும் இடமெல்லாம் ஆண்களின் தொல்லை. கடைசியில் கோயில் பூசாரியும் அவ்வாறே நடந்துகொள்கிறான். வறுமை தாளாமல் குழந்தையை ஆற்றில் வீசித் தானும் சாக முயல்கிறாள். அவள்மீது கொலை வழக்கு. பூசாரியைத் தாக்கிய குணசேகரன்மீது இன்னொரு வழக்கு.

கேள்வி மாறுகிறது

நீதிமன்றப் படங்கள் பெரும்பாலும் ‘செய்தவர் யார்?’ என்று கேட்பவை. 1957இல் வந்த ‘12 ஆங்ரி மென்’ என்ற அமெரிக்கப் படம் சான்றுகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தே சுவையூட்டுகிறது. பராசக்தியில் துப்பறிய ஒன்றும் இல்லை. கல்யாணியும் குணசேகரனும் செய்ததை மறுப்பதில்லை. ஆகவே கேள்வி, ‘செய்ய வைத்தது யார்?’ என்று மாறுகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவரே வாதாடுகிறார். எந்த அலுவலகத்திலும் முழுதாகப் பேச விடப்படாத எளிய மக்களுக்கு, தம்மைப் போன்ற ஒருவர் பேசி முடிப்பதே பெரும் நிறைவு.

நீதிபதி யார்?

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கல்யாணியை விசாரிக்கும் நீதிபதி சந்திரசேகரன் அவளுடைய மூத்த அண்ணன். முன்பு பசியோடு தன் வீட்டு வாசலில் நின்றவளை, தங்கை என்று அறியாமல் விரட்டியவனும் அவனே. அவள் கதையைக் கேட்டு உண்மை உணர்ந்ததும் அவன் மயங்கி விழுகிறான். ‘செய்ய வைத்தது யார்?’ என்ற கேள்விக்குரிய விடைகளுள் ஒன்று நீதிபதியின் இருக்கையிலேயே இருந்தது. குணசேகரனின் நீண்ட உரையைவிட இந்த அமைப்பே கூர்மையான சமூக விமர்சனம்.

குறைகள்

விமலாவின் படகில் விழுந்து குழந்தை பிழைத்ததாகப் படம் காட்டுகிறது. இருவரும் விடுதலையாகிறார்கள், குடும்பம் ஒன்று சேர்கிறது. குழந்தை இறந்திருந்தால் தீர்ப்பு என்ன? அந்தக் கேள்வியிலிருந்து படம் நழுவிவிடுகிறது. அவள் தங்கையாக இல்லாமல் யாரோ ஒரு பெண்ணாக இருந்திருந்தால் நீதிபதி மயங்கியிருப்பாரா என்பதும் விடை பெறாத கேள்வியே.

மற்றொரு குறை நம்முடையது. பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வது குணசேகரனின் வசனத்தை. ஆனால் துன்பம் முழுவதையும் அனுபவித்தவள் கல்யாணி. ஸ்ரீரஞ்சனி ஏற்ற அந்தப் பாத்திரமும் அதே நீதிமன்றத்தில் பேசுகிறது. அண்ணனின் வாதத்துக்கு அடித்தளம் அவளது வாக்குமூலமே. அடுத்த முறை இப்படத்தைப் பார்க்கும்போது, அந்தப் பேச்சை முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்.