கோப்பை கழுவியவரின் புத்தகம்

ஜோர்ஜ் ஓர்வெல் 1929இல் பாரிஸ் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவினார். 1933இல் வெளிவந்த அவரது முதல் நூலான 'டவுன் அன்ட் அவுட் இன் பாரிஸ் அன்ட் லண்டன்' அந்த அனுபவத்தையும் சொல்கிறது. பல்கலைக்கழகத்தோடு பாதியில் விட்ட ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வரும் கடைசி மெத்ரோவில் அதை வாசித்தேன்.

நிலவறைச் சூடு, கொழுப்புத் தண்ணீர், கதவுக்கு இந்தப்பக்கம் வசைபாடி அந்தப்பக்கம் பவ்வியமாகும் பரிசாரகர். இவற்றில் எனக்கு அந்நியமானது எதுவுமில்லை. ஓர்வெல் இரக்கம் கோரவில்லை, கண்டதை எழுதுகிறார்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அந்நாட்களில் அவருடைய தாயின் சகோதரி பாரிஸிலேயே வசித்தார். நூலில் அவர் இல்லை. தட்டுவதற்கு ஒரு கதவு இருந்ததை மறைத்தே அந்த வறுமை எழுதப்பட்டிருக்கிறது.

நாங்கள் மறைப்பது வேறு. ஊருக்குக் கதைக்கும்போது 'றெஸ்ரோறன்டில் வேலை' என்போம். கோப்பை என்ற சொல்லே வராது. எங்கள் எழுத்திலும் பனங்கூடலும் கிணற்றடியும் துல்லியமாக வருகின்றன. நாளுக்குப் பத்து மணித்தியாலம் நிற்கும் குசினி அரிதாகவே வருகிறது. கிணற்றடியை எழுதினால் ஊரில் ஒருவரும் வெட்கப்படப்போவதில்லை. குசினியை எழுதினால் அம்மா வாசிப்பா.

இந்தச் சிறு குறிப்பை எழுதவே எனக்கு ஆறு வருடங்கள் எடுத்தன.