புலிமான்கோம்பை நடுகல்லில் வினைச்சொல் இன்மை

பழனிமலைக்குத் தெற்கே வைகைப் பள்ளத்தாக்கில், தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்தில் அமைந்த சிற்றூர் புலிமான்கோம்பை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் இங்குத் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' எனப் படிக்கப்படுகிறது. பேடு என்னும் ஊரினனாகிய தீயன் அந்தவன் கூடலூர் ஆகோளில் இறந்தமைக்கு எடுத்த கல் என்பதே பெரும்பாலோர் கொள்ளும் பொருள்.

'இறந்தமை' என்பது நாம் வருவித்த சொல். தொடரில் வினை இல்லை, வேற்றுமை உருபும் இல்லை. அந்தவன் ஆநிரை கவரச் சென்றவனா, கவர வந்தோரைத் தடுத்தவனா என்பதை எழுத்து உரைக்கவில்லை. ஊர் காத்த மறவன் என எழுதிவிடுவது நமக்குப் பழகிப்போன வழக்கம். தொல்காப்பியம் கவர்தல், மீட்டல் ஆகிய இரண்டையும் வெட்சித் திணைக்குள்ளேயே அடக்குகிறது. கரந்தையைத் தனித்திணையாகப் பிரித்தது பிற்பட்ட புறப்பொருள் வெண்பாமாலை. ஆதலின் இலக்கணத்தைச் சான்றாக்கி இவ்வழக்கை முடித்துவிட இயலாது.

செங்கம் பகுதியின் பல்லவர்கால நடுகற்களோடு ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும். அவை மன்னனின் ஆட்சியாண்டில் தொடங்கி, வீரன் யாருடைய சேவகன் என்பதைக் கூறி, தொறு கொண்டபோதா மீட்டபோதா என்பதையும் பெரும்பாலும் சுட்டி, 'பட்டான்' என வினையால் முடிகின்றன. படைக்கலம் ஏந்திய உருவமும் செதுக்கப்பட்டிருக்கும். புலிமான்கோம்பைக் கல்லில் மன்னனும் இல்லை, உருவமும் இல்லை. வீரனின் பெயரோடு அவன் பெருமையையும் பொறித்ததாக அகநானூறு கூறும். இங்கோ பெயர் மட்டுமே உண்டு. மயிற்பீலி சூட்டிக் கள் படைத்து வழிபட்டோர்க்கு மறவனின் செயல் முன்பே தெரிந்திருக்கும்; அவர்களுக்கு வினைச்சொல் தேவைப்பட்டிராது. இதனைக் கல்வெட்டுத் தமிழின் முதிராநிலை என்பது பொருந்தாது.

கூடலூர் என்பது கம்பம் பள்ளத்தாக்கின் இன்றைய கூடலூராயின், பூசல் நிகழ்ந்த இடத்துக்கும் கல் கிடைத்த இடத்துக்கும் இடையே நெடுந்தொலைவு உள்ளது. தன் ஊர் நிரையைக் காத்து வீழ்ந்தவனுக்கு அத்துணைத் தொலைவில் கல் நடுவானேன்? பிறர் நிரைமேற் சென்று திரும்பாதவனுக்கு அவன் சுற்றத்தார் தம்மிடத்தே எடுத்த கல் எனக் கொள்வதே இயல்பாகப் பொருந்துகிறது. பேடு எவ்விடம் என்பது உறுதியாகும் நாளில் இக்கருத்தை மீண்டும் சோதிக்கலாம்.