ஏழாம் நாளுக்குப் பிறகு

சிசேரியன் முடிந்து வார்டுக்கு வந்த பெண்ணின் முதல் சில மணி நேரம் செவிலியரின் கையில் இருக்கிறது. கால் மணிக்கொரு முறை நாடி, பிபி. வயிற்றில் கைவைத்து, கர்ப்பப்பை கெட்டியாகச் சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. தேர்ந்த சிஸ்டர் பேடை மட்டும் பார்த்துவிட்டு நகரமாட்டார். இடுப்புக்கு அடியிலும் கைவிட்டுப் பார்ப்பார். மல்லாந்து கிடப்பவளின் ரத்தம் முதுகுப் பக்கம் வழிந்து தேங்கிவிடும், பேட் அதிகம் நனைந்திருக்காது. பிபி இறங்கும் முன்பே நாடியின் வேகத்தை வைத்து டாக்டரைக் கூப்பிடும் இந்தக் கவனத்துக்கு ஈடு கிடையாது. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ரத்தசோகையோடு இருக்கும் தமிழ்நாட்டில், கொஞ்சம் ரத்தம் கூடுதலாகப் போனாலும் ஆபத்துதான்.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும், 2021-ல் அரசின் சுகாதாரத் துறைக்குக் கீழ் வந்த சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவமனையும் இந்த மாவட்டத்து ஏழைப் பெண்களுக்குப் பெரிய பலம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன்; தனியாரில் 64, அரசில் 36. அத்தனை வயிற்றிலும் ஒரு தையல் இருக்கிறது.

குறை அந்தத் தையல் வீட்டுக்குப் போன பிறகு தொடங்குகிறது. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் சிசேரியன் தாய்க்கு ஏழு நாள்வரை இலவச உணவு தருகிறது. புண்ணில் சீழ் பிடிப்பதோ 30 நாள்வரை நடக்கக்கூடியது. கிள்ளையிலோ காட்டுமன்னார்கோவிலிலோ தாய்வீட்டில் படுத்திருப்பவளுக்குக் காய்ச்சல் வந்தால் ‘பால் கட்டியிருக்கும்’ என்பார்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் வாயு. தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று அதையும் குறைப்பார்கள். அந்தக் கால்வீக்கம் ரத்தக்கட்டாக இருக்கலாம் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

வார்டில் மகள் பக்கத்திலேயே கிடக்கும் அம்மாவை, ரவுண்ட்ஸ் நேரத்தில் ‘வெளியே போங்க’ என்று அனுப்புவதுதான் வழக்கம். அடுத்த ஒரு மாதத்துக்கு அவர்தான் செவிலியர். டிரஸ்ஸிங் மாற்றும்போது அவரை அருகில் நிறுத்தி, தையல் சிவப்பது, நீர் கசிவது, உதிரம் நாற்றமடிப்பது எல்லாம் எதைச் சொல்கின்றன என்று காட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம்தான் இரவுப் பணியில் தனியாக ஒரு வார்டையே பார்க்கும் செவிலியரிடம் இல்லை. தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் பணிநிரந்தரம் கேட்டுப் பலமுறை தெருவில் உட்கார்ந்ததை நாம் பார்த்தோம். ஆள் குறைந்தால் ஊசியும் மாத்திரையும் நிற்பதில்லை, பேச்சுதான் முதலில் நிற்கிறது. ஆகவே தனிப்பட்ட செவிலியர்களைக் குற்றம் சொல்வது அநியாயம்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பிரசவத்துக்குப் பின் 7 முதல் 14 நாளுக்குள் தாயை ஒருமுறை பார்க்கப் பரிந்துரைத்தது. கிராம சுகாதாரச் செவிலியர் அந்த நாட்களில் போனால் குழந்தையின் எடையோடு தாயின் டிரஸ்ஸிங்கையும் திறந்து பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றே வார்டு சிஸ்டர் அவருக்குப் போன் செய்து, ‘இவங்களுக்கு ரத்தசோகை, தையல் ஓரம் லேசா சிவந்திருக்கு’ என்று சொல்லிவிடலாம். இதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ தேவையில்லை.